கோதாவில் வென்றவர், தெருவில் காத்தவர்

தரங்கம்பாடி போன்ற நம் கடலோர ஊர்களில் பிள்ளைகளைச் சிலம்பத்துக்கோ கராத்தேக்கோ அனுப்பும் பெற்றோருக்கு ஓர் அச்சம் உண்டு. கற்ற வித்தையை நாளை தெருச்சண்டையில் காட்டிவிடுவானோ என்பதே அது. அவர்கள் தம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய வாழ்க்கை, காமா பயில்வானுடையது.

குலாம் முஹம்மது என்ற இயற்பெயர் கொண்ட காமா, 1878ல் பஞ்சாபின் அமிர்தசரஸ் பகுதியில் மல்யுத்தக் குடும்பமொன்றில் பிறந்தார். சிறுவயதிலேயே தந்தையை இழந்தார். 10 வயதில் ஜோத்பூரில் நடந்த உடற்பயிற்சிப் போட்டியில், 400க்கும் அதிகமான பயில்வான்களுக்கு நடுவே கடைசி 15 பேரில் ஒருவராக நின்றார். தண்டாலும் பஸ்கியும் நாள்தோறும் ஆயிரக்கணக்கில் எடுப்பது அவரது வழக்கம்.

1910ல் லண்டன் சென்றார். உயரம் குறைவு என்று போட்டியில் சேர்க்க மறுத்தார்கள். பகிரங்கமாகச் சவால் விட்டு, கோதாவிலேயே அதற்குப் பதில் சொன்னார். அமெரிக்க வீரர் ரோலரை வீழ்த்தினார். போலந்தின் ஸ்பிஸ்கோவோ தோல்வியைத் தவிர்க்கத் தரையோடு ஒட்டிக் கிடந்தார். இரண்டு மணி நேரத்துக்கு மேலாகியும் முடிவு இல்லை. மறுபோட்டிக்கு ஸ்பிஸ்கோ வராததால் வெற்றி காமாவுக்கு வழங்கப்பட்டது. 1928ல் பாட்டியாலாவில் இருவரும் மீண்டும் மோதியபோது, ஒரு நிமிடத்துக்குள் ஸ்பிஸ்கோவை வீழ்த்தினார்.

ஆனால் அவரது பெரிய போட்டி கோதாவுக்கு வெளியே நடந்தது. 1947 பிரிவினையின்போது அவர் லாகூரில் வசித்தார். அதே பகுதியில் இந்துக் குடும்பங்களும் இருந்தன. அவர்களைத் தாக்க வந்த கும்பலின் முன்னே, எழுபதை நெருங்கிய காமா போய் நின்றார். வந்தவர்கள் அவருடைய மார்க்கத்தைச் சேர்ந்தவர்கள்தான். அதற்காக அவர் விலகி நிற்கவில்லை. அண்டை வீட்டார் பலரின் உயிர் தப்பியது.

கடைசிக் காலத்தில் நோயும் பணமுடையும் அவரை வாட்டின. 1960 மே மாதம் லாகூரில் காலமானார்.

மல்யுத்தத்தில் பிறரை வீழ்த்துபவர் அல்ல, கோபத்தின்போது தன்னை அடக்கிக்கொள்பவரே வலிமையானவர் என்பது நபி (ஸல்) அவர்களின் போதனை. வலிமை அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். காமா அதை வம்புக்குச் செலவிடாமல், நலிந்தவர்களுக்குக் காவலாக்கினார். பிள்ளையின் கையில் கம்பைக் கொடுக்கும் நாளிலேயே, அது யாரைக் காப்பதற்கு என்பதையும் சொல்லிக் கொடுப்போம்.