ஆட்டமறிந்த ஆசான் அப்துல் ரகீம்

ஒரு வினையை முடித்தற்குரியான் இன்னான் என ஆராய்ந்து, அதனை அவன்பால் ஒப்புவிக்கும் அறிவு அரசியலுக்கு இன்றியமையாதது என்பதை, தெரிந்துவினையாடல் என்னும் அதிகாரத்தில் திருவள்ளுவனார் விரித்துரைத்தார். அவ்வறிவு விளையாட்டுக் களத்திற்கும் வேண்டுவதே. மாலைப்பொழுதில் நம் கல்லூரி ஆடுகளத்தின் ஓரத்தே கூடியிருக்கும் மாணவர் பேச்சைக் கேட்பார்க்கு இவ்வுண்மை விளங்கும். இந்நாட்டுக் காற்பந்துக் குழுவிற்கு இப்பயிற்சியாளர் வாய்த்திருப்பின் அது எத்துணை உயர்ந்திருக்கும் என அவர்கள் நாள்தோறும் வாதிக்கின்றனர். ஆயின் அவ்வாதங்களிற் பெரும்பாலானவை பயிற்சியாளர் வென்ற கோப்பைகளை எண்ணுவதோடு முடிந்து விடுகின்றன. குழுவின் இயல்பு யாது, அவ்வியல்பிற்கு இவர் கல்வி பொருந்துமோ என்னும் வினா எழுவதே அரிது.

இப்பொருத்தம் பிறந்த நாட்டைப் பற்றியதன்று. ஜிம்மி ஹோகன் என்னும் ஆங்கிலேயர் தம் நாட்டிற் பெறாத மதிப்பை ஆஸ்திரியாவிலும் ஹங்கேரியிலும் பெற்றார். பந்தைத் தரையோடு தரையாய்த் தோழர்க்கு வழங்கி ஆடும் முறையை அந்நாட்டார் அவரிடம் விரும்பிக் கற்றனர். 1953-ஆம் ஆண்டு வெம்பிளி அரங்கில் ஹங்கேரியர் இங்கிலாந்தை 6-3 என்னும் கணக்கில் வென்றபோது, அவ்வெற்றிக்கு வித்திட்டவருள் அம்முதியவரையும் ஹங்கேரியர் நன்றியோடு நினைந்தனர். அயலார் ஒருவர் அயல்நாட்டிற்குப் பொருந்தியதற்கு இது சான்று. உள்நாட்டு ஆசான் ஒருவர் தம் நாட்டுக் குழுவிற்குப் பொருந்தி அதனை உயர்த்தியதற்குச் சான்றாக நாம் காட்டப் புகுவது ஐதராபாத் செய்யது அப்துல் ரகீம் அவர்களின் வாழ்க்கையை ஆகும்.

ரகீம் 1909-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 17-ஆம் நாள் ஐதராபாத்தில் தோன்றினார். உஸ்மானியாப் பல்கலைக்கழகத்திற் கல்வி பயின்று, ஆங்குக் காற்பந்தும் ஆடினார். பட்டம் பெற்றபின் உபாத்தியாயர் தொழிலை மேற்கொண்டு, கச்சிகுடா முதலிய இடங்களிலிருந்த பாடசாலைகளிற் பணியாற்றினார். பின்னர்த் தேகப்பயிற்சிக் கல்வியிலும் தேர்ச்சி பெற்றார். 1943-ஆம் ஆண்டு ஐதராபாத் காற்பந்துச் சங்கத்தின் செயலாளர் பொறுப்பை ஏற்று, இறுதிவரை அதனை விடாது சுமந்தார். அவர் புகழ்மிக்க ஆட்டக்காரராய் இருந்து ஆசானானவர் அல்லர். பள்ளியாசிரியராய் இருந்து ஆட்டத்தைக் கற்பித்தவர். இவ்வேறுபாட்டை நாம் நினைவிற் கொள்ளுதல் வேண்டும். மாணாக்கன் எதை அறிவான், எதை அறியான், எதனை முதற்கண் கற்பிக்கத் தகும் என்று ஆராய்வது ஆசிரியர்க்குரிய பழக்கமாகும். அப்பழக்கத்தையே அவர் ஆடுகளத்திற்கும் கொண்டு சென்றார்.

அக்காலத்தில் நம் நாட்டு இளைஞர் பலர் பந்தைத் தம் காலிலேயே வைத்துக்கொண்டு எதிரிகளை ஒருவர்பின் ஒருவராகக் கடந்து செல்வதிற் பேரின்பம் கண்டனர். காண்பார் கைகொட்டி மகிழ்ந்தனர். ஆயின் குழு தோற்றது. இக்குறையைப் போக்க ரகீம் கையாண்ட வழி எளியது. பந்தை ஒருவரே கொண்டோடுதல் ஆகாது என்னும் விதியோடு சிறு போட்டிகளை அவர் ஏற்படுத்தினார். வலக்காற் பழக்கமுடையார் இடக்காலாலன்றி உதைத்தல் கூடாது என்பது போன்ற பயிற்சிகளையும் நடத்தினார். அவர் நெடுநேரம் அறிவுரை கூறித் திருத்த முயன்றாரல்லர். விதியையே மாற்றி, ஆடுவோர் தாமே கற்குமாறு செய்தார். பந்தை விரைந்து வழங்குதலும், இரு காலாலும் ஆடுதலும் இவ்வாறு அவர் மாணாக்கர்க்கு இயல்பாயின.

இதன் பயனை நாடு விரைவிற் கண்டது. அவர் பயிற்றிய ஐதராபாத் நகரப் போலீஸ் குழு, பம்பாயில் நடைபெற்ற ரோவர்ஸ் கோப்பைப் போட்டியில் 1950 முதல் 1954 வரை ஐந்தாண்டுகள் தொடர்ந்து வாகை சூடியது. கல்கத்தாவே காற்பந்தின் தலைநகர் எனக் கருதப்பட்ட நாளில், தக்கணத்துப் போலீஸ்காரர் இவ்வெற்றியைப் பெற்றது பலர்க்கும் வியப்பாயிற்று.

நாட்டுக் குழுவின் பயிற்சியும் ரகீமின் கைக்கு வந்தது. 1951-ஆம் ஆண்டு புதுதில்லியில் முதல் ஆசிய விளையாட்டு விழா நடந்தது. சைலேன் மன்னா தலைமையில் ஆடிய இந்தியக் குழு, இறுதியாட்டத்தில் ஈரானை 1-0 என வென்று தங்கம் பெற்றது. அக்கோலை அடித்தவர் மேவாலால். ஆயின் அடுத்த ஆண்டிலேயே பேரிடி ஒன்று விழுந்தது. 1952-ஆம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியர் நம்மவரை 10-1 என்னும் கணக்கில் வீழ்த்தினர். நம்மவரிற் பலர் அக்குளிர் நாட்டில் வெறுங்காலோடு ஆடினர். அத்தோல்விக்குப் பின்னரே பூட்ஸ் அணிந்து ஆடுதல் நம் நாட்டிற் கட்டாயமாயிற்று. பத்துக் கோல் வாங்கிய குழுவின் பயிற்சியாளர் மனமுடைந்து விலகியிருத்தலும் கூடும். ரகீமோ தோல்வியையும் ஒரு பாடமாகக் கொண்டு, உலகம் ஆடும் முறையை நுணுகி ஆராயலானார்.

அவ்வாராய்ச்சியின் பயன் நான்கு ஆண்டுகளில் வெளிப்பட்டது. 1956-ஆம் ஆண்டு மெல்போர்ன் ஒலிம்பிக்கில் முதற்சுற்றில் நம்மை எதிர்க்க வேண்டிய ஹங்கேரி போட்டியிலிருந்து விலகிக்கொள்ள, நம்மவர் ஆஸ்திரேலியரை அவர்தம் மண்ணிலேயே சந்தித்தனர். 4-2 என வென்றனர். நெவில் டிசூசா அவ்வாட்டத்தில் மூன்று கோல் அடித்து, ஒலிம்பிக் காற்பந்தில் அவ்வாறு செய்த முதல் ஆசியர் என்னும் பெயர் பெற்றார். அரையிறுதியில் மீண்டும் யூகோஸ்லாவியரே எதிர்ப்பட்டனர். இம்முறை முதற்கோலை அடித்தது இந்தியா! முடிவில் 4-1 எனத் தோற்றோமாயினும், ஹெல்சிங்கியில் நேர்ந்த தோல்விக்கும் இதற்கும் உள்ள தொலைவை எவரும் அறிவர். பல்கேரியரிடம் 3-0 எனத் தோற்று இந்தியா நான்காம் இடம் பெற்றது. ஒலிம்பிக் காற்பந்தில் அரையிறுதி எய்திய முதல் ஆசிய நாடு நம் நாடேயாகும். 1958-இல் பிரேசிலரால் உலகெங்கும் பரவிய நான்கு, இரண்டு, நான்கு என்னும் அணிவகுப்பை ரகீம் அதற்கு முன்னரே கையாண்டார் எனக் காற்பந்து வரலாறு எழுதுவோர் கூறுவர்.

ஆளறியும் ஆற்றலில் அவர் நிகரற்றவர். செகந்தராபாத்தில் வறுமையிடை வளர்ந்த துளசிதாஸ் பலராமின் திறத்தை இளமையிலேயே கண்டு வளர்த்தவர் அவரே. பயிற்சிக்கு நெடுந்தொலை வரவேண்டிய அவ்விளைஞர்க்கு, வாடகை மிதிவண்டிக்கென ரகீம் தம் கைப்பணம் ஈந்தார் என்பர். சென்னைப் படைப்பிரிவின் குழுவில் ஆடிப் புகழ்பெற்ற பீட்டர் தங்கராஜும் அவர் பயிற்றிய நாட்டுக் குழுவில் இலக்கைக் காத்து நின்றவர். 1960-ஆம் ஆண்டு ரோமாபுரி ஒலிம்பிக்கில் நம்மவர் ஹங்கேரியரிடம் 2-1 என்னும் குறைந்த வேறுபாட்டிலேயே தோற்றனர். பிரெஞ்சுக்காரரோடு 1-1 எனச் சமன் செய்தனர்.

இனி, ரகீம் வாழ்வின் தலையாய நிகழ்ச்சிக்கு வருவோம். 1962-ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டு விழா நடந்தது. அப்பொழுது ரகீமைப் புற்றுநோய் பற்றியிருந்தது. அவர் அதனைப் பொருட்படுத்தாது குழுவோடு சென்றார். முதலாட்டத்தில் தென்கொரியரிடம் 2-0 எனத் தோல்வி. அடுத்துத் தாய்லாந்தை 4-1 என வென்றபோதிலும், பின்னணியின் தூணாய் நின்ற ஜர்னைல் சிங் தலையிற் காயமுற்றார். தையலிட்ட தலையோடு அவர் பின்னணியில் நின்று, உயர்ந்து வரும் பந்துகளையெல்லாம் தலையால் தடுத்தல் இயலாது. வேறொரு பயிற்சியாளராயின் அவரை விலக்கியிருப்பார். ரகீமோ, ஜர்னைல் சிங் இளமையில் முன்னணியிலும் ஆடியவர் என்பதை மறந்தாரல்லர். அவரை முன்னணியின் நடுவில் நிறுத்தினார். தென்வியட்நாமை 3-2 என வென்ற அரையிறுதியில் அவர் ஒரு கோல் அடித்தார்.

இறுதியாட்டம் செப்டம்பர்த் திங்கள் 4-ஆம் நாள் நடந்தது. எதிரிகள், முன்னர் நம்மை வென்ற அதே தென்கொரியர். இஸ்ரேலையும் தைவானையும் அவ்விழாவிற்கு அழையாமை குறித்து இந்திய விளையாட்டுத் தலைவர் ஒருவர் கண்டித்தமையால் ஜகார்த்தா மக்கள் இந்தியர்பால் கடுஞ்சினம் கொண்டிருந்தனர். ஏறத்தாழ ஒரு லட்சம் மக்கள் நிறைந்த அரங்கம் நம்மவரை எள்ளி ஆரவாரித்தது. அவ்வேளையில் ரகீம் மற்றொரு மாற்றமும் செய்தார். முந்திய ஆட்டங்களில் பிரத்யுத் பர்மன் காத்த இலக்கை, நோயினின்று தேறிய நெடிய உருவினரான தங்கராஜிடம் ஒப்புவித்தார். 17-ஆம் நிமிடத்தில் பி. கே. பானர்ஜியும், 20-ஆம் நிமிடத்தில் காயமுற்ற ஜர்னைல் சிங்கும் கோல் அடித்தனர். கொரியர் இறுதியில் ஒன்றே திருப்பினர். 2-1 என இந்தியா வென்றது. சுனி கோஸ்வாமியின் தலைமையில் நம்மவர் தங்கம் பெற்றனர்.

ஒன்பது திங்கள் கழிந்தன. 1963-ஆம் ஆண்டு ஜூன் 11-ஆம் நாள், தம் 53-ஆம் வயதில், ரகீம் ஐதராபாத்தில் உயிர் நீத்தார். அவர் உருவாக்கிய வீரர் சிலகாலம் நிலைநின்றனர். 1964-இல் ஆங்கிலேயராகிய ஹாரி ரைட் பயிற்சியில் இந்தியா ஆசியக் கோப்பையில் இரண்டாமிடம் எய்தியது. 1970-இல் ஆசிய விளையாட்டு விழாவில் வெண்கலம் பெற்றபோது, பயிற்சி தந்தவருள் ஒருவர் ரகீமின் மாணாக்கராகிய பி. கே. பானர்ஜி. அதன்பின் ஆசிய விழாக் காற்பந்தில் நமக்குப் பதக்கமே கிட்டவில்லை. ஒலிம்பிக் காற்பந்துக் களத்தையோ நம்மவர் 1960-க்குப் பின் மிதித்திலர். ஆங்கிலேயரும் குரோவேசியரும் ஸ்பானியரும் பயிற்சியாளராய் வந்து சென்றனர். நெடுங்காலம் மக்கள் மறந்திருந்த ரகீமின் பெயரை 2024-இல் வெளிவந்த ‘மைதான்’ என்னும் இந்தித் திரைப்படம் நினைவூட்டியது.

இவ்வாழ்க்கையால் நாம் அறிவதென்னை? வந்த பயிற்சியாளரிற் சிலர் கல்வியிற் குறைந்தவரல்லர். ஆயின் ஆண்டில் சின்னாள் குழுவைக் கண்டு செல்வோர்க்கும், பள்ளி மைதானத்திலும் நகரச் சங்கத்திலும் இருபதாண்டுகள் இளைஞரை வளர்த்தவர்க்கும் வேறுபாடு பெரிது. ரகீம் நாட்டுக் குழுவைப் பயிற்றியதோடு அமையாது, அக்குழுவிற்கு வருவோரையும் வளர்த்தார். ஜர்னைல் சிங்கை முன்னணிக்கு மாற்றிய அத்துணிவு ஒரு நாளில் தோன்றியதன்று. ஒவ்வொருவரையும் உள்ளவாறு அறிந்திருந்தமையின் விளைவே அது. ஆதலின், எந்நாட்டிற்கு எப்பயிற்சியாளர் என வாதிக்கும் மாணவ நண்பர்காள்! அவர் வென்ற கோப்பைகளை எண்ணுமுன், அவர் தம் குழுவினரை எத்துணை அறிவார் என்று வினவுங்கள். நுங்களுள் உபாத்தியாயர் தொழிலை மேற்கொள்வோர் பலர். நும் பள்ளி மைதானத்தில் வெறுங்காலோடு பந்துதைக்கும் சிறுவரிடையே நாளைய பலராம் நிற்றலும் கூடும். அவனைக் கண்டறியும் கண் நுமக்கு வாய்ப்பதாக!