வழக்கறிஞராக அண்ணல் அம்பேத்கர்

அண்ணல் அம்பேத்கர் அவர்களை அரசியல் சட்ட மேதையாக நம் வீட்டுக் குழந்தைகளும் அறிவர். கறுப்பங்கி அணிந்து, எளியோருக்காக நீதிமன்றப் படியேறிய வழக்கறிஞராக அவரை அறிந்தோர் நம்மிடையே குறைவு. சட்டம் பயில விழையும் நம் இளைஞர்களுக்காக அவ்வரலாற்றை இம்மலரில் சுருங்கக் கூறுகிறோம்.

1891 ஏப்ரல் 14ஆம் நாள், மாவ் இராணுவக் குடியிருப்பில், சுபேதார் இராம்ஜி சக்பாலின் மைந்தராக அண்ணல் பிறந்தார். பரோடா மன்னரின் உதவித்தொகை பெற்று 1913இல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்றார். 1916இல் இலண்டன் கிரேஸ் இன் சட்ட நிலையத்தில் சேர்ந்தார். உதவித்தொகைக் காலம் முடிந்தமையால் 1917இல் கல்வியை இடையில் நிறுத்தித் திரும்ப நேர்ந்தது. ஆயினும் அவர் மனம் தளரவில்லை. பம்பாய் சிடனம் கல்லூரியில் பேராசிரியராக இருந்து பொருள் சேர்த்தார். கோலாப்பூர் மன்னர் சாகு மகராஜும் உதவினார். 1920இல் மீண்டும் இலண்டன் சென்று, 1922இல் பாரிஸ்டரானார்.

1923இல் பம்பாய் உயர்நீதிமன்றத்தில் தொழில் தொடங்கினார். பதிவுக் கட்டணத்திற்கும் நண்பர் நவல் பதேனாவின் உதவியையே நாட வேண்டியிருந்தது. அந்நாளில் பெரிய வழக்குகள் சொலிசிட்டர்கள் வழியாகவே பாரிஸ்டர்களை வந்தடையும். தீண்டாமை குறுக்கே நின்றதால் அவ்வழி அண்ணலுக்கு எளிதில் திறக்கவில்லை. மாவட்ட நீதிமன்றங்களுக்குச் சென்று வழக்காடினார். வருவாய் போதாமையால் 1925 முதல் 1928 வரை பாட்லிபாய் கணக்கியல் நிலையத்தில் வணிகச் சட்டம் கற்பித்தார். பின்னர் 1935இல் பம்பாய் அரசு சட்டக் கல்லூரியின் முதல்வரானார்.

குற்றவியல், உரிமையியல் என இருதுறை வழக்குகளையும் அவர் ஏற்றார். 1926இல் பிராமணரல்லாதார் இயக்கத் தலைவர்களான ஜேதே, ஜவல்கர் முதலியோர் மீதான அவதூறு வழக்கில் மேல்முறையீடு செய்து விடுதலை பெற்றுத் தந்தார். 1934இல் குடும்பக் கட்டுப்பாட்டுக் கல்வி பரப்பிய ஆர். டி. கார்வேக்காக வாதாடினார்; அவ்வழக்கில் தோல்வியே கிட்டியது. தோற்கக்கூடும் என அஞ்சி அவர் வழக்கைத் தவிர்த்தாரல்லர் என்பதை நாம் நினைவிற் கொள்ள வேண்டும்.

அவர்தம் பெருவழக்கு மகாத் சவுதார் குளத்தைப் பற்றியது. அந்நகராட்சி 1924இலேயே குளத்தை அனைவர்க்கும் திறந்துவிடத் தீர்மானித்திருந்தும், நம் மக்கள் அதில் நீர் மொள்ள இயலவில்லை. 1927 மார்ச் 20ஆம் நாள் அண்ணல் மக்களை அழைத்துச் சென்று நீர் பருகினார். அதன்பின் மாநாட்டிற்கு வந்தோர் தாக்கப்பட்டனர், குருதி சிந்தினர். எனினும் திருப்பித் தாக்க அவர் இசையவில்லை. தாக்கியோரில் சிலர் நீதிமன்றத்தால் தண்டிக்கப்பட்டனர்.

அவ்வாண்டு டிசம்பரில் சாதி இந்துக்கள் அண்ணல் மீதே உரிமையியல் வழக்குத் தொடுத்து இடைக்காலத் தடை பெற்றனர். குளத்தில் நீர் எடுக்கவே திரண்டிருந்த ஆயிரக்கணக்கானோரிடம் தடையை மதிக்குமாறு அண்ணல் எடுத்துரைத்தார். குளம் நகராட்சியின் உடைமை என்றும், விலக்கி வைப்பது தொன்றுதொட்ட வழக்கமென்று மெய்ப்பிக்கப்படவில்லை என்றும் அவர் தரப்பு நிலைநாட்டியது. 1931இல் கீழ் நீதிமன்றமும், 1933இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும், 1937 மார்ச் 17ஆம் நாள் பம்பாய் உயர்நீதிமன்றமும் அதனை ஏற்றன. ஒரு கை நீருக்காகப் பத்தாண்டுகள்!

உடலிற் பட்ட காயத்தைப் போன்றே உரிமையிற் பட்ட காயத்திற்கும் சட்டத்தில் பரிகாரம் உண்டு என்பதை அவ்வழக்கு காட்டிற்று. உடற்காயத்தையும் அவர் மறந்தாரல்லர். 1942 முதல் 1946 வரை வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது, தொழிலாளர் நலக் காப்பீட்டுத் திட்டத்தை வகுக்கும் பணி பேராசிரியர் அடார்க்கரிடம் ஒப்படைக்கப்பட்டது. அதன் வழியே பிறந்த 1948ஆம் ஆண்டுச் சட்டம், நோய், மகப்பேறு, வேலையில் நேரும் விபத்து ஆகியவற்றிற்குக் காப்பளித்தது. தீண்டாமையை ஒழித்த அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு 1950 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்தது. 1956 டிசம்பர் 6ஆம் நாள் அண்ணல் மறைந்தார்.

இளைஞர்களே! இன்று 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் நம் கையில் உள்ளது. 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின்படி, பட்டியல் இனத்தவர் வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி பெறலாம். இருந்தும், அடிபட்டவர் அஞ்சி வாய்மூடி வீடு திரும்பும் நிலையை நாம் இன்றும் காண்கிறோம். அவருடன் காவல் நிலையம் செல்லவும், நாளையும் இடத்தையும் சாட்சியையும் எழுதி வைக்கவும், தீர்ப்பு வரும்வரை தளராது துணை நிற்கவும் நம் தெருவுக்கு ஒருவரேனும் வேண்டும். நம்மிடையே சட்டம் பயில்வோர் பெருகுவதே அண்ணலுக்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.