எல்லைக்கோட்டில் நின்ற எழுத்தாளர்

நுழையும்முன்

மனிதர் ஊர், மொழி, சமயம், நாடு எனப் பல குழுக்களின் உறுப்பினராகவே வளர்கிறார். குழு அவருக்குப் பாதுகாப்பையும் பெருமிதத்தையும் தருகிறது. ஆனால், அவர் யார் என்பதைக் குழுவே முடிவுசெய்யத் தொடங்கும்போது சிக்கல் பிறக்கிறது. அச்சிக்கலைத் தம் வாழ்விலும் சிறுகதைகளிலும் எதிர்கொண்ட உருது எழுத்தாளர் சதத் ஹசன் மண்ட்டோவின் வரலாற்றை இப்பாடத்தில் அறிவோம்.

இளமையும் எழுத்தும்

மண்ட்டோ 1912ஆம் ஆண்டு மே 11ஆம் நாள், பஞ்சாபின் லூதியானா மாவட்டத்துச் சம்ராலாவில் பிறந்தார். அவருடைய முன்னோர் காசுமீரத்திலிருந்து வந்து குடியேறியவர்கள். தந்தை குலாம் ஹசன் நீதித்துறையில் பணியாற்றியவர், கண்டிப்பு மிக்கவர். அமிர்தசரசில் பயின்ற மண்ட்டோ, பள்ளியிறுதித் தேர்வில் ஒருமுறைக்கு மேல் தோல்வியுற்றார். உருது உரைநடைக்குப் பின்னாளில் வளம் சேர்த்த அவர் அன்று தவறியது உருதுப் பாடத்தில் என்பது வியப்புக்குரியது.

இதழாளர் பாரி அலீக்கின் நட்பு அவரைப் பிரெஞ்சு, ரஷ்ய இலக்கியங்களின்பால் செலுத்தியது. மரண தண்டனைக்கு எதிராக விக்டர் ஹியூகோ எழுதிய நூலை அவர் உருதுவில் மொழிபெயர்த்தார். அவருடைய முதற்கதையான 'தமாஷா', ஜாலியன் வாலாபாக் படுகொலையை ஒரு சிறுவனின் பார்வையில் காட்டியது.

பம்பாய் தந்த மனிதர்கள்

1936ஆம் ஆண்டு பம்பாய்க்குச் சென்ற மண்ட்டோ, 'முசவ்விர்' என்னும் திரைப்பட வார இதழின் ஆசிரியரானார். இடையில் தில்லி வானொலியில் பணியாற்றி நாடகங்கள் பல எழுதினார். மீண்டும் பம்பாய் திரும்பித் திரைப்பட நிறுவனங்களுக்குக் கதை எழுதினார்.

குதிரைவண்டி ஓட்டுநர், சிறு தொழிலாளர், சமூகம் ஒதுக்கிவைத்த பெண்கள் ஆகியோரே அவர் கதைகளில் மிகுதியும் இடம்பெற்றனர். ஊரார் இவர்களைத் தொழிலாலோ வகுப்பாலோ மட்டுமே அறிந்திருந்தனர். மண்ட்டோ அவர்களுக்குப் பெயரையும் சினத்தையும் கனவையும் தந்தார். 'புதிய சட்டம்' கதையின் வண்டியோட்டி மங்கு, ஆட்சிச் சட்டம் மாறும் நாளில் தன் தாழ்நிலையும் மாறும் என நம்புகிறான். அந்நாளில் ஆங்கிலேயன் ஒருவனை எதிர்த்து நின்றதற்காகச் சிறைப்படுகிறான். ஆள்வோரின் கண்ணில் அவன் அன்றும் பெயரற்ற ஒரு வண்டியோட்டியே.

நண்பர்கள் இருவர்

1947ஆம் ஆண்டு நாடு பிரிவினைக்குள்ளானது. இலட்சக்கணக்கானோர் உயிரிழந்தனர், ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் இடம்பெயர்ந்தனர். பெயரைக் கேட்டுச் சமயத்தை அறிந்து, அதனைக்கொண்டே உயிரைப் பறிக்கும் காலமாக அது இருந்தது.

அந்நாளில் மண்ட்டோ நடிகர் அசோக்குமாருடன் காரில் சென்றபோது, முஸ்லிம்கள் வாழும் பகுதியில் ஒரு கூட்டம் எதிர்ப்பட்டது. இந்துவான தம் நண்பருக்குத் தீங்கு நேருமோ என மண்ட்டோ அஞ்சினார். கூட்டத்து இளைஞர்களோ அசோக்குமாரை அண்ணன் என அழைத்து, செல்லவேண்டிய வழியைக் காட்டினர். அவர்கள் சமயத்தைப் பார்க்கவில்லை, மனிதரைப் பார்த்தனர்.

மற்றொரு நிகழ்வு இதற்கு நேர்மாறானது. இராவல்பிண்டியிலிருந்து தப்பி வந்த சீக்கியக் குடும்பத்தார் தம் துயரத்தைக் கூறியபோது, மண்ட்டோவும் அவருடைய நெருங்கிய நண்பரான நடிகர் ஷ்யாமும் கேட்டுக்கொண்டிருந்தனர். பின்னர் மண்ட்டோ வினவ, அக்கணத்தில் முஸ்லிமான அவரைத் தம்மால் கொன்றிருக்கவும் முடியும் என ஷ்யாம் ஒப்புக்கொண்டார். பல்லாண்டு நட்பையும் ஒரு கணம் மறைத்துவிடும் ஆற்றல் குழு உணர்வுக்கு உண்டு என்பதை மண்ட்டோ அன்று உணர்ந்தார். அவர் நண்பரை வெறுக்கவில்லை. ஷ்யாமைப் பற்றி அன்பு குன்றாமல் பின்னாளில் எழுதினார். எனினும் 1948ஆம் ஆண்டு சனவரியில் பம்பாயை விட்டு லாகூருக்குப் புறப்பட்டார்.

இருபுறமும் எதிர்ப்பு

லாகூரில் அவர் எழுதிய 'கோல் தோ', கலவரத்தில் தொலைந்த மகளைத் தேடும் தந்தையின் கதை. அப்பெண்ணுக்குக் கொடுமை இழைத்தவர்கள் பகைக்குழுவினர் அல்லர். மீட்டுத்தர முன்வந்த சொந்தக் குழுவின் தொண்டர்களே. இக்கதையை வெளியிட்ட 'நுகூஷ்' இதழ் ஆறு மாதம் தடைசெய்யப்பட்டது. 'சியாஹ் ஹாஷியே' தொகுப்பின் குறுங்கதைகள் பலவற்றில் தாக்கியவர், வீழ்ந்தவர் இருவரின் சமயமும் கூறப்படுவதில்லை. இதனால், எதிர்த்தரப்பைப் பழித்து மனநிறைவு கொள்ளப் படிப்பவர்க்கு வழியில்லாமல் போகிறது.

ஆபாசம் என்னும் குற்றச்சாட்டில் பிரிவினைக்கு முன் மூன்று, பின் மூன்று என ஆறு வழக்குகளை அவர் சந்தித்தார். முற்போக்கு எழுத்தாளர் குழுவும் அவரைப் பிற்போக்காளர் என ஒதுக்கியது. வறுமையும் குடிப்பழக்கமும் உடலை நலிவித்தன. மனநல மருத்துவமனையிலும் சிகிச்சை பெற்றார்.

தோபா தேக் சிங்

பிரிவினைக்குப்பின் இரு நாடுகளும் மனநோயாளரைச் சமய அடிப்படையில் பரிமாறிக்கொண்டன. இதனை அடிப்படையாகக் கொண்டதே 'தோபா தேக் சிங்'. லாகூர் மருத்துவமனையில் பதினைந்து ஆண்டுகள் படுக்காமல் நின்றுகொண்டேயிருந்த பிஷன் சிங், தன் ஊர் எந்த நாட்டில் உள்ளது எனக் கேட்கிறான். எவராலும் தெளிவாக விடைகூற இயலவில்லை. எல்லையில் கைமாற்றும்போது நகர மறுத்து, இரு நாட்டு வேலிகளுக்கும் இடையே பெயரற்ற நிலத்தில் வீழ்கிறான்.

பிஷன் சிங் தனித்து வாழ விரும்பியவன் அல்லன். பிறர் அவனை அவனுடைய ஊர்ப் பெயராலேயே அழைக்கும் அளவுக்கு மண்ணோடு ஒன்றியவன். அவன் மறுத்தது, தன்னைக் கேளாமல் தன்மீது சுமத்தப்பட்ட அடையாளத்தையே. நாமே ஏற்கும் உறவுக்கும் பிறர் ஒட்டும் முத்திரைக்கும் உள்ள வேறுபாட்டை இக்கதை உணர்த்துகிறது.

மறைவும் புகழும்

மண்ட்டோ 1955ஆம் ஆண்டு சனவரி 18ஆம் நாள், 42ஆம் வயதில் லாகூரில் மறைந்தார். அவர் கதை எழுதிய 'மிர்சா காலிப்' திரைப்படம், 1954ஆம் ஆண்டின் சிறந்த படத்திற்கான இந்தியக் குடியரசுத்தலைவரின் தங்கப்பதக்கம் பெற்றது. 2012ஆம் ஆண்டு பாகிசுதான் அரசு 'நிஷான்-இ-இம்தியாஸ்' விருதளித்தது. எந்த ஒரு குழுவுக்குள்ளும் அடங்காத அவரை இன்று இரு நாடுகளும் தம்மவர் என்கின்றன. அவருடைய கதைகள் தமிழிலும் படிக்கப்படுகின்றன.

கற்பவை கற்றபின்

1. அசோக்குமார், ஷ்யாம் தொடர்பான நிகழ்வுகளை ஒப்பிட்டு, குழு உணர்வின் இரு முகங்களைப் பற்றி வகுப்பில் கலந்துரையாடுக.
2. நீங்களே ஏற்றுக்கொண்ட அடையாளங்களையும் பிறர் உங்களுக்குத் தந்த அடையாளங்களையும் பட்டியலிட்டு ஒரு பக்க அளவில் எழுதுக.