கணக்குக் கேட்ட கைதி

திருச்சபை ஆண்டுதோறும் ஜூன் 29ஆம் நாளில் புனித இராயப்பரோடு புனித சின்னப்பரையும் பெருவிழாவாகக் கொண்டாடுகிறது. சின்னப்பருடைய மனமாற்றத்தையும் கடற்பயணங்களையும் நிருபங்களையும் நாம் சிறுவயது முதலே அறிவோம். அதிகாரிகளிடம் சட்டப்படி கணக்குக் கேட்ட மனிதராக அவரை நாம் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை. கோட்டையும் கடற்படைத் தளமும் கொண்ட திருகோணமலைத் துறைமுகத்தைச் சுற்றி வாழும் குடும்பங்களுக்கு அவர் வாழ்வின் இந்தப் பகுதி மிக நெருக்கமானது.

சின்னப்பர் சிலிசியா நாட்டுத் தர்சு நகரில் யூத குடும்பமொன்றில் பிறந்தவர். கூடாரம் செய்வது அவர் தொழில். பிறப்பாலேயே உரோமைக் குடியுரிமை உடையவர். சவுல் என்ற பெயரோடு திரிந்த இளமைக் காலத்தில் அவரே பிறரைச் சிறைப்பிடிப்பவராக இருந்தார். வீடு வீடாகப் புகுந்து, கிறிஸ்தவ ஆண்களையும் பெண்களையும் இழுத்துச் சென்று சிறையில் அடைத்தார். தலைமைக் குருவின் கடிதங்களோடு தமஸ்கு நகருக்குப் புறப்பட்டதும் அதே நோக்கத்தோடுதான். வழியில் ஆண்டவர் அவரைத் தடுத்தாட்கொண்டார். அதன்பின் பிறரைக் கட்டியவர் தாமே கட்டுண்டார். அதிகாரம் தவறிப்போகும் விதத்தை இரு பக்கத்திலும் நின்று கண்டவர் அவர்.

ஏறக்குறைய கி.பி. 50ஆம் ஆண்டில் சின்னப்பரும் சீலாவும் பிலிப்பி நகருக்கு வந்தனர். குறிசொல்லும் அடிமைப் பெண் ஒருத்தியைத் தீய ஆவியிலிருந்து சின்னப்பர் விடுவித்தார். அவளால் கிடைத்த வருமானத்தை இழந்த எசமானர்கள் இருவரையும் பிடித்து நகர நடுவர்களிடம் இழுத்துச் சென்றனர். நடுவர்கள் விசாரணை எதுவுமின்றி அவர்களின் ஆடைகளைக் களையச் செய்து, தடியால் அடிப்பித்து, உட்சிறையில் தொழுமரத்தில் மாட்டிவைத்தனர். அன்றிரவு நிலம் அதிர்ந்து கதவுகள் திறந்தபோதும் இருவரும் தப்பியோடவில்லை. விடிந்ததும், அவர்களைப் போகவிடும்படி நடுவர்கள் சேவகர் மூலம் சொல்லியனுப்பினர். சின்னப்பர் அசையவில்லை. உரோமைக் குடிமக்களைத் தீர்ப்பின்றி வெளிப்படையாக அடித்தவர்கள் இரகசியமாக அனுப்பிவிட முடியாது. அவர்களே நேரில் வரவேண்டும் என்றார். நடுவர்கள் அஞ்சி வந்து, அவர்களைச் சமாதானப்படுத்தி வெளியே அழைத்துச் சென்றனர்.

அடித்தவர்களை அவர் பழிவாங்கவில்லை. சிறைக்காவலனுக்குத் திருமுழுக்கும் கொடுத்தார். எனினும் நடந்த தவறை மூடிமறைக்க இடங்கொடுக்கவில்லை. தாம் ஊரைவிட்டுச் சென்றபின் லீதியாளின் வீட்டில் கூடும் சிறு சபை அதே நடுவர்களின் கீழ் வாழவேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

சுமார் எட்டு ஆண்டுகளின்பின் யெருசலேமில் கலகக் கும்பல் ஒன்று அவரைக் கொல்ல முயன்றது. உரோமைப் படைத்தலைவன் மீட்டெடுத்து, உண்மையை வரவழைக்கச் சாட்டையால் அடிக்கக் கட்டளையிட்டான். வாரால் கட்டும் வேளையில், தீர்ப்பிடப்படாத உரோமைக் குடிமகனை அடிப்பது முறையோ என்று சின்னப்பர் கேட்டார். அந்தக் கேள்வியே சாட்டையை நிறுத்தியது. பின்னர், நாற்பதுக்கும் மேற்பட்டோர் அவரைக் கொல்லச் சபதம் செய்ததை அவருடைய சகோதரியின் மகன் அறிந்து, துணிந்து வந்து படைத்தலைவனிடம் சாட்சி சொன்னான். அந்த இளைஞனின் சொல்லால் சின்னப்பர் உயிர் தப்பினார்.

அவர் கொண்டுபோகப்பட்ட இடம் செசரேயா. ஆளுநரும் படையும் தங்கியிருந்த துறைமுக நகரம் அது. குற்றம் நிரூபிக்கப்படாமலே ஆளுநன் பேலிக்ஸ் அவரை இரண்டு ஆண்டுகள் சிறையில் வைத்திருந்தான். அடிக்கடி அழைத்துப் பேசினான். கைக்கூலி கிடைக்கும் என்று எதிர்பார்த்தான். சின்னப்பர் கொடுக்கவில்லை. அடுத்து வந்த பெஸ்து, எதிரிகளுக்குச் சலுகை காட்ட எண்ணி, வழக்கை யெருசலேமுக்கு மாற்றலாமா என்று கேட்டான். அப்போது சின்னப்பர் குடிமகனுக்குரிய கடைசி உரிமையைப் பயன்படுத்திச் செசாரிடம் மேன்முறையீடு செய்தார். அதை மறுக்க ஆளுநனால் முடியவில்லை.

சட்டம் அவரை இறுதிவரை காக்கவில்லை என்பதும் உண்மை. நீரோ மன்னன் காலத்தில் உரோமையில் அவர் தலை வெட்டுண்டு வேதசாட்சியானார் என்பது திருச்சபையின் மரபு.

செசரேயாவில் கழிந்த அந்த இரண்டு ஆண்டுகளின் கனம் நம்மவர்க்குத் தெரியும். 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் தீர்ப்பின்றிப் பல ஆண்டுகள் தடுத்துவைக்கப்பட்டவர்களின் பெற்றோர் நம் நடுவில் இருக்கிறார்கள். 2006 ஜனவரி 2இல் நம் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்ட வழக்கில், சான்றுகள் போதாதென 2019 ஜூலையில் 13 பேர் விடுவிக்கப்பட்டார்கள். சாட்சி சொல்பவர் தனித்துவிடப்பட்டால் நீதி என்னவாகும் என்பதை இது காட்டுகிறது.

சின்னப்பருக்கு இருந்த உரிமை அன்று சிலருக்கே உரியது. இன்று நம் அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரை எவரையும் சித்திரவதை செய்யலாகாது என்கிறது. கைதுக்கான காரணம் அறியும் உரிமையை 13ஆம் உறுப்புரை தருகிறது. இவை மீறப்பட்டால் ஒரு மாதத்திற்குள் உயர் நீதிமன்றத்தை நாடலாம். மனித உரிமைகள் ஆணைக்குழுவிடமும் முறையிடலாம். பிரதேச சபை வரிப்பணத்தை எவ்வாறு செலவிட்டது என்பதை அறிய, 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வழிசெய்கிறது.

பொலிஸ் நிலையத்தில் கைக்கூலி கொடுத்துக் காரியத்தை முடித்துவிடுவது சில வேளைகளில் எளிதாகத் தோன்றும். அடுத்துக் கைதாகும் அயல்வீட்டுப் பிள்ளைக்கு அதனால் பயனில்லை. எழுத்தறியாத அயலவருக்காக ஒரு முறைப்பாடு எழுதிக்கொடுப்பதும், சாட்சி சொல்லப் போகிறவரோடு நீதிமன்றம்வரை நடந்துசெல்வதும் கிறிஸ்தவப் பணியே. மன்னிக்கவும் கணக்குக் கேட்கவும் ஒருங்கே தெரிந்த சின்னப்பர் நமக்காக மன்றாடுவாராக.