டாரத்தியா டிக்ஸ் அம்மையார்

உடலுக்கு நோய் வருவது போலவே உள்ளத்திற்கும் நோய் வருதல் உண்டு. இவ்வுண்மையை முற்காலத்தில் உணர்ந்தோர் சிலரே. மனநோயுற்ற ஏழையர் பலர் குற்றவாளிகளோடு சிறையில் அடைபட்டுக் கிடந்தனர். அவர்களைக் காப்பது அரசின் கடமை என்பதை நிலைநாட்டத் தம் வாழ்வையே ஈந்தவர் டாரத்தியா டிக்ஸ் அம்மையார்.

அம்மையார் 1802-ஆம் ஆண்டில், அமெரிக்க நாட்டில் இன்று மெயின் மாநிலம் எனப்படும் பகுதியில் பிறந்தார். பாஸ்டன் நகரில் பாட்டியாரிடம் வளர்ந்தார். இளம் பருவத்திலேயே பள்ளி நடத்திப் பிள்ளைகளுக்குக் கல்வி புகட்டினார்.

1841-ஆம் ஆண்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சிறையிலுள்ள பெண்களுக்குப் பாடம் சொல்ல அவர் சென்றார். அங்கே மனநோயுற்ற பெண்கள், கடுங்குளிரில் கணப்பும் இல்லாத அறையில் நடுங்கிக் கிடந்தனர். மனநோயாளர் குளிரை உணரார் என்பது அக்காலத்தார் பலருடைய எண்ணம். அம்மையார் முறைமன்றத்தில் முறையிட்டு, அவர்களுக்குக் கணப்புக் கிடைக்கச் செய்தார்.

அவர் அத்துடன் நிற்கவில்லை. மாசசூசெட்ஸ் மாநிலம் முழுவதும் சுற்றினார். சிறைகளையும் ஏழையர் விடுதிகளையும் நேரிற் கண்டார். சங்கிலியாற் பிணிக்கப்பட்டோர், கூண்டில் அடைக்கப்பட்டோர் ஆகியோரின் நிலையை ஊர்தோறும் குறித்துக்கொண்டார். பெண்களுக்கு வாக்குரிமையும் இல்லாத காலம் அது. எனினும் 1843-ஆம் ஆண்டில் அவருடைய விண்ணப்பம் சட்டமன்றத்தை எட்டியது. மிகைக்கூற்று எனச் சிலர் சினந்தனர். ஆயினும், உஸ்டர் நகரத்து மருத்துவமனையை விரிவாக்கச் சட்டமன்றம் இசைந்தது. பின்னர்ப் பிற மாநிலங்களிலும் அவர் இவ்வாறே உழைத்தார்.

மனநோயாளர் முதலியோர் நலனுக்காக 1 கோடியே 22 இலட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை ஒதுக்குமாறு அவர் மத்திய அரசை வேண்டினார். பல்லாண்டு முயற்சிக்குப் பின், 1854-ஆம் ஆண்டில் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் அதனை ஏற்றன. ஆனால், அத்தகைய அறப்பணி மாநிலங்களுக்கே உரியது எனக் கூறிக் குடியரசுத் தலைவர் பியர்ஸ் ஒப்புதல் அளிக்க மறுத்தார்.

அம்மையாரின் பெருங்கனவு சிதைந்தது, உள்ளமோ தளரவில்லை. கடல் கடந்து ஸ்காத்லாந்து சென்றார். அங்குள்ள மனநோயாளரின் அவலத்தை அரசுக்கு எடுத்துரைத்தார். ஆய்வுக்குழு அமைந்தது, 1857-ஆம் ஆண்டில் புதுச்சட்டமும் பிறந்தது.

முப்பதுக்கு மேற்பட்ட மருத்துவமனைகள் தோன்றவோ வளரவோ அம்மையார் துணைநின்றார். அவற்றுள் ஒன்றாகிய டிரென்டன் மருத்துவமனையே முதுமையில் அவருக்குப் புகலிடமாயிற்று. அங்கேயே 1887-ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். பிறர்க்கென அவர் எழுப்பிய இல்லமே இறுதியில் அவருக்கும் இல்லமாயிற்று.