ஐந்து வேட்டுகளும் ஐம்பத்துநான்கு ஆண்டுகளும்

பீனா தாஸ் அம்மையாரின் வாழ்வு

சிலருடைய வாழ்வு முழுவதையும் வரலாறு ஒரு நிமிடத்துக்குள் அடக்கிவிடுகிறது. அந்த நிமிடத்துக்கு முன்னே அவர் எவ்வாறு வளர்ந்தார், அதன் பின்னே எவ்வாறு வாழ்ந்தார் என்று கேட்பவர் அரியர். வங்கநாட்டுப் பீனா தாஸ் அம்மையார் இத்தகையோருள் ஒருவர். 1932ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 6ஆந் தேதி கல்கத்தாச் சர்வகலாசாலையின் பட்டமளிப்பு மண்டபத்தில், மாகாண கவர்னரை நோக்கி ஐந்து முறை சுட்ட மாணவி என்பதே உலகம் அவரைப்பற்றி அறிந்த செய்தி. அன்று அவருக்கு வயது இருபது. அதன் பின்னர் ஏறத்தாழ ஐம்பத்துநான்கு ஆண்டுகள் அவர் வாழ்ந்தார். அந்த ஐந்து வேட்டுகளைப் பேசும் நாம் இந்த ஐம்பத்துநான்கு ஆண்டுகளையும் பேசக் கடமைப்பட்டுள்ளோம்.

கல்விக்கூடத்துள் துப்பாக்கி வெடித்தது என்றதும் இக்காலத்து வாசகர்க்கு அமெரிக்கச் செய்திகளே நினைவுக்கு வரும். 1966ஆம் ஆண்டு ஆகஸ்ட் முதலாந் தேதி டெக்ஸாஸ் சர்வகலாசாலையின் கோபுரத்தில் ஏறி, முன்பின் அறியாதவர்களையெல்லாம் சுட்டு வீழ்த்திய சார்ள்ஸ் விட்மன் என்ற மாணவனின் கொடுமை அவ்வகைக்கு முன்மாதிரியாயிற்று. கல்கத்தா நிகழ்ச்சி அவ்வினத்தைச் சேர்ந்ததன்று. அங்கே குறி ஒருவரே. அவரும் ஒரு மனிதராக அன்றி, ஓர் ஆட்சியின் உருவமாகவே குறிவைக்கப்பட்டார். எனினும், படிப்பதற்கென்று சென்ற ஒருவர் கையில் துப்பாக்கி எவ்வாறு வந்தது என்ற கேள்வி இரண்டுக்கும் பொதுவானது. அதற்கு விடை காண வேண்டுமாயின் அவருடைய வீட்டிலிருந்து தொடங்க வேண்டும்.

ஆசிரியர் வீடு

1911ஆம் ஆண்டு ஆகஸ்ட் 24ஆந் தேதி வங்கத்திலுள்ள கிருஷ்ணநகரில் பீனா பிறந்தார். நாம் வீணை என்பதை வங்காளர் பீனா என்பர். தந்தையார் பேணி மாதவ தாஸ் பிரம்ம சமாஜத்தைச் சேர்ந்தவர்; புகழ் வாய்ந்த ஆசிரியர். கட்டாக் நகரில் அவர் தலைமையாசிரியராயிருந்தபோது அவரிடம் கற்ற மாணவர்களுள் ஒருவர் சுபாஷ் சந்திர போஸ். இயற்கையில் ஈடுபாடும் ஒழுக்கத்தில் உறுதியும் தம் உள்ளத்தில் வேரூன்ற இந்த ஆசிரியரே காரணர் என்பதைப் பிற்காலத்தில் போஸ் தமது சுயசரிதையில் நன்றியுடன் எழுதிவைத்தார். தாயார் சரளா தேவி சமூகத் தொண்டில் ஊறியவர். ஆதரவற்ற பெண்களுக்காகக் கல்கத்தாவில் புண்ணியாசிரமம் என்னும் இல்லத்தை நடத்தியவர். ஆகவே பீனா வளர்ந்த வீட்டில் வெறுப்புக்கு இடமில்லை. புத்தகமும் பிரார்த்தனையும் பிறர்க்குதவும் பழக்கமுமே அங்கு குடிகொண்டிருந்தன.

வீட்டின் அமைதி வேறு, நாட்டின் நிலை வேறு. கல்கத்தாவின் பெத்தூன் கல்லூரியில் பீனா கற்ற காலத்தில், 1928ஆம் ஆண்டு சைமன் கமிஷன் வந்தது. அதனைப் பகிஷ்கரித்த மாணவர்களுடன் கல்லூரிப் பெண்களும் சேர்ந்துகொண்டனர். அதே ஆண்டில் மாணவியருக்கென்றே சாத்ரி சங்கம் என்னும் அமைப்பு தோன்றியது. பீனாவின் தமக்கையார் கல்யாணி அதன் தூண்களுள் ஒருவர். அவ்வாண்டின் இறுதியில் கல்கத்தாவில் கூடிய காங்கிரஸ் மகாநாட்டில், சுபாஷ் போஸின் தலைமையில் அணிவகுத்த தொண்டர் படையில் பெண்களும் நடந்தனர். பீனாவும் தொண்டராய்ச் சேவை செய்தார். சரத் சந்திரரின் பதேர் தாபி என்னும் புரட்சி நாவலை அரசாங்கம் தடைசெய்திருந்த காலம் அது. தடை செய்யப்பட்டதனாலேயே அந்நூல் இளைஞர் கைகளில் இரகசியமாய் உலவியது.

துயரம் ஆத்திரமாதல்

அடுத்து வந்த இரண்டு ஆண்டுகள் வங்கத்தை உலுக்கின. 1930ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆந் தேதி சூரிய சென்னின் தோழர்கள் சிட்டகாங் ஆயுதச்சாலையைத் தாக்கினர். அதன்பின் அப்பகுதிக் கிராமங்களில் அடக்குமுறை தலைவிரித்தாடியது. 1931ஆம் ஆண்டு செப்டெம்பர் 16ஆந் தேதி ஹிஜ்லி தடுப்பு முகாமில் காவலர் சுட்டதில், விசாரணையின்றி அடைக்கப்பட்டிருந்த இரு கைதிகள் இறந்தனர். அவ்வாண்டு டிசம்பரில், பள்ளிப் பருவம் தாண்டாத சாந்தி கோஷ், சுனீதி சௌதுரி என்னும் இருவர் கொமில்லா மாவட்ட நீதிபதியைச் சுட்டுக் கொன்றனர். பீனாவின் வீட்டுக்குள்ளும் துன்பம் புகுந்தது. கல்வியிற் சிறந்த தமக்கையார் கல்யாணி அரசியல் கூட்டம் நடத்தியதற்காகச் சிறையிடப்பட்டு, சாதாரணக் குற்றவாளிகளோடு ஒன்றாய் நடத்தப்பட்டார்.

இவை யாவும் ஓர் இளம் உள்ளத்தில் ஒன்றன்மேல் ஒன்றாய்ப் படிந்தன. பத்திரிகையில் எழுத வழியில்லை, மேடையில் பேச அனுமதியில்லை, நீதிமன்றத்தில் நம்பிக்கையில்லை. வழிகள் ஒவ்வொன்றாய் அடைபடும்போது, மென்மையான உள்ளமே மிகக் கடுமையான முடிவுக்குச் செல்லும் என்பதற்குப் பீனாவின் கதை சான்று.

மூன்று கல்விக்கூடங்கள்

கல்கத்தா நிகழ்ச்சி தனித்து நின்றதன்று. 1930ஆம் ஆண்டு டிசம்பர் 23ஆந் தேதி லாகூரில் பஞ்சாப் சர்வகலாசாலையின் பட்டமளிப்பு விழா நடைபெற்றது. அன்று சிறப்புரை ஆற்ற வந்திருந்தவர் தமிழ்நாட்டுத் திருத்தணியிற் பிறந்த பேரறிஞர் இராதாகிருஷ்ணன். விழா முடிந்து வெளியேறுகையில் ஹரி கிஷன் என்னும் இளைஞர் கவர்னர் மொண்ட்மொரன்சியைச் சுட்டார். கவர்னர் காயத்துடன் தப்பினார். பொலீஸ் உத்தியோகத்தர் ஒருவர் உயிரிழந்தார். ஹரி கிஷன் 1931 ஜூனில் தூக்கிலிடப்பட்டார். அடுத்த மாதம், 22ஆந் தேதி, பூனாவின் பெர்குசன் கல்லூரி நூலகத்தைப் பார்வையிட வந்த பம்பாயின் பதிற்கவர்னர் ஹொட்சனை, அக்கல்லூரி மாணவர் வாசுதேவ கோகடே சுட்டார். ஹொட்சன் உயிர் தப்பினார்.

ஓராண்டும் சில மாதங்களும் சென்ற இடைவெளியில் லாகூர், பூனா, கல்கத்தா என மூன்று நகரங்களில், மூன்று கவர்னர்கள் கல்விக்கூடத்திலேயே குறிவைக்கப்பட்டனர். காரணம் வெளிப்படை. மாகாணத்தின் கவர்னரே சர்வகலாசாலையின் வேந்தர். கல்வியின் முடியும் ஆட்சியின் முடியும் ஒரே தலையில் இருந்தன. தம்மைச் சிறையிடும் கையிலிருந்தே பட்டத்தையும் பெறவேண்டிய நிலையில் மாணவர் நிறுத்தப்பட்டனர்.

அந்த நாள்

பீனா ஆங்கில இலக்கியத்தில் பி.ஏ. சிறப்புத் தேர்வில் தேறியிருந்தார். கைத்துப்பாக்கியைத் தேடிக் கொடுத்தவர் தோழியார் கமலா தாஸ்குப்தா. துப்பாக்கியைக் கையாளும் பயிற்சி பீனாவுக்கு மிகக் குறைவு. பட்டதாரியின் நீண்ட அங்கிக்குள் அதனை மறைத்துக்கொண்டு, கொலேஜ் தெருவிலிருந்த செனெட் மண்டபத்துள் மற்றப் பட்டதாரிகளோடு ஒருவராய் அவர் சென்று அமர்ந்தார்.

கவர்னர் சேர் ஸ்டான்லி ஜக்சன் உரையாற்றத் தொடங்கினார். 1905ஆம் ஆண்டு இங்கிலாந்துக் கிரிக்கெட் அணியின் தலைவராய் நின்று அவுஸ்திரேலியரை வென்ற விளையாட்டு வீரர் அவர். பீனா இருக்கையினின்று எழுந்து மேடையை நோக்கி நடந்து சுட்டார். கவர்னர் சட்டென்று தலையைத் தாழ்த்தினார், குண்டு தவறியது. உபவேந்தராகிய அறுவை வைத்தியர் ஹஸன் சுஹ்ரவர்த்தி பாய்ந்து பீனாவைப் பிடித்தார். பிடிபட்ட பின்னும் வேட்டுகள் தீர்ந்தன. கவர்னரை எதுவும் தீண்டவில்லை. அமளி அடங்கியதும் அவர் உரையைத் தொடர்ந்து முடித்தார். உபவேந்தருக்கு அவ்வாண்டே சேர் பட்டம் கிடைத்தது. பீனாவுக்கு உரிய பட்டம் நிறுத்திவைக்கப்பட்டது.

விசாரணையில் பீனா எதையும் மறுக்கவில்லை. கவர்னர் மீது தமக்குத் தனிப்பட்ட பகை இல்லையென்றும், அடிமைப்பட்ட நாட்டில் அவமானத்துடன் வாழ்வதைவிடப் போராடி மடிவதே தம் நோக்கமென்றும் நீண்டதோர் அறிக்கையில் தெரிவித்தார். துப்பாக்கி கொடுத்தவரைக் காட்டிக்கொடுக்க இறுதிவரை மறுத்தார். ஒன்பது ஆண்டுக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. கமலா தாஸ்குப்தாவையும் அரசாங்கம் விசாரணையின்றியே பல்லாண்டு அடைத்துவைத்தது.

இச்செயலைப் போற்றுவதா, இகழ்வதா? துப்பாக்கியின் ஓசையைப் பல பத்தாண்டுகள் கேட்ட வன்னி நிலத்து மக்களாகிய நாம் இக்கேள்வியை எளிதாகக் கடந்துவிட இயலாது. அந்த மண்டபம் நிறைய ஆசிரியரும் மாணவரும் பெற்றோரும் இருந்தனர். தவறிய குண்டு யார் மார்பிலும் பாய்ந்திருக்கலாம். அவ்வாறு பாய்ந்திருப்பின் பீனாவின் பின்னைய வாழ்வே இருந்திராது. நாம் அவரைப்பற்றி எழுதும் சொற்களும் வேறாகியிருக்கும். அறம் சார்ந்த ஆத்திரங்கூடத் துப்பாக்கியினின்று புறப்பட்டபின் அறத்தின் கட்டளையைக் கேட்பதில்லை. குறி தவறியதே பீனா பெற்ற பெரும் பேறு என்று கருத இடமுண்டு.

உயிரோடு மீண்டவர்

பீனாவோடு சாத்ரி சங்கத்திற் பணிசெய்த பிரீதிலதா வாதேதார், 1932 செப்டெம்பரில் சிட்டகாங்குக்கு அருகேயுள்ள பஹார்தலி ஐரோப்பியர் கழகத்தைத் தாக்கியபின் நஞ்சருந்தி மாண்டார். அவருக்கு வயது இருபத்தொன்று. இறந்தவர் என்றும் இளமையோடிருக்கிறார், பாடல்களில் வாழ்கிறார். உயிரோடு மீண்டவருக்கோ நாள்தோறும் வாழவேண்டிய சுமை இருக்கிறது.

1939ஆம் ஆண்டு பீனா விடுதலை பெற்றார். காந்தியடிகள் அரசியற் கைதிகளுக்காக எடுத்த முயற்சி அதற்குத் துணையாயிற்று. சிறையினின்று வந்தவர் மீண்டும் துப்பாக்கியைத் தேடவில்லை. காங்கிரசில் சேர்ந்து தொழிலாளரிடையே பணிபுரிந்தார். 1942ஆம் ஆண்டு வெள்ளையனே வெளியேறு இயக்கத்தில் மறுபடியும் சிறை புகுந்து, 1945இல் வெளிவந்தார். 1946 முதல் 1951 வரை, முதலில் வங்க மாகாணச் சட்டசபையிலும் பின் மேற்கு வங்கச் சட்டசபையிலும் அங்கத்தவராயிருந்தார். காலத்தின் விந்தை என்னவெனில், அவர் சபைக்குட் சென்றபோது மாகாண முதன்மந்திரியாய் வீற்றிருந்தவர், செனெட் மண்டபத்தில் அவரைப் பிடித்த உபவேந்தரின் மருகரே. மதக் கலவரத்தால் நொந்த நவகாளியில் துயருற்றோர்க்குத் தொண்டு செய்தவர்களுள்ளும் பீனா ஒருவர். கவர்னரைச் சுடத் துணிந்த கை, ஏதிலியர்க்கு உதவும் கையாயிற்று. தாயார் புண்ணியாசிரமத்திற் செய்த பணிக்கே மகள் திரும்பி வந்தார் என்று கூறலாம்.

1947இல் புரட்சி இயக்கத் தோழராகிய ஜதீஷ் சந்திர பௌமிக்கை மணந்தார். தம் நினைவுகளை வங்காளத்தில் நூலாக்கினார். 1960இல் சமூகத் தொண்டுக்காகப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அதே ஆண்டில் பழைய செனெட் மண்டபம் இடிக்கப்பட்டது. சம்பவம் நிகழ்ந்த இடமும் மறைந்தது. சம்பவத்தை நினைப்பாரும் மெல்ல மெல்லக் குறைந்தனர்.

கணவர் மறைந்தபின் பீனா இமயத்தின் அடிவாரத்திலுள்ள ரிஷிகேசத்துக்குச் சென்று தனித்து வாழ்ந்தார். 1986ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் தேதி அங்கே அவருடைய வாழ்வு முடிந்தது. வழியோரத்திற் கிடந்த உடல் இன்னாருடையதென்று அறியப் பல நாள் சென்றதாக அவருடைய வரலாற்றை எழுதியோர் கூறுகின்றனர். ஒரு காலத்தில் ஒரு நாடே உச்சரித்த பெயரை, அந்த உடலருகே நின்று சொல்ல ஒருவருமில்லை.

காலங்கடந்த பட்டம்

2012ஆம் ஆண்டு கல்கத்தாச் சர்வகலாசாலை, தான் நிறுத்திவைத்த பட்டங்களைப் பீனா தாசுக்கும் பிரீதிலதாவுக்கும் மறைவுக்குப் பின்னர் வழங்கியது. சுட்ட நாளிலிருந்து எண்பது ஆண்டுகள் கழிந்திருந்தன. பெற்றுக்கொள்ள இருவருமே இல்லை. தாமதமாயினும் அது நியாயமே. ஆயினும் இறந்தவர்க்கு வழங்கும் சான்றிதழ் வழங்குவோரின் மனச்சாட்சிக்கே ஆறுதல். ரிஷிகேசத்தின் குளிரில் தனித்திருந்த மூதாட்டிக்குப் போர்வையாக அது போய்ச் சேரவில்லை.

இந்த வாழ்வைத் தர்மபுரம் போன்ற ஊரில் இருந்து படிக்கும்போது அது அயல்நாட்டுக் கதையாய்த் தோன்றாது. 2009ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், பரந்தன் - முல்லைத்தீவு வீதிவழியே இடம்பெயர்ந்து வந்த மக்கள் நிறைந்து, காயமுற்றோரால் வைத்தியசாலை நிரம்பி வழிந்த ஊர் இது. அந்தக் காலத்தைக் கடந்து வந்தவர்கள் இன்றும் நம் ஒழுங்கைகளில் நடக்கிறார்கள். இள வயதில் விரும்பியும் விரும்பாமலும் துப்பாக்கி ஏந்தியவர், படிப்பை இடைநடுவில் விட்டவர், சிறையும் முகாமும் கண்டு மீண்டவர், ஊனத்தோடு வாழ்பவர் எனப் பலர். இவர்களுடைய வாழ்வில் ஒரு பகுதியை மட்டும் எடுத்துச் சிலர் புகழ்வர். அதே பகுதியை மட்டும் எடுத்துச் சிலர் இகழ்வர். எஞ்சிய ஆண்டுகளைப்பற்றி இரு சாராரும் கேட்பதில்லை.

பீனா தாசின் வரலாற்றினின்று ஆசிரியரும் மாணவரும் கற்கவேண்டியது இதுவே. இளைஞர் பேசுவதற்குரிய வாயில்களை அடைத்துவிட்டு அவர்களிடம் அமைதியை எதிர்பார்ப்பது ஆள்வோரின் பேதைமை. இளைஞரின் ஒரு கணத்துத் துணிவைக் கொண்டாடிவிட்டு, அவர்தம் நெடிய வாழ்வைக் கைவிடுவது சமூகத்தின் பிழை. முன்னது ஐந்து வேட்டுகளுக்குக் காரணமாயிற்று. பின்னது வழியோரத்துப் பெயரற்ற மரணத்திற் போய் முடிந்தது. மாலை இடுவதற்கு ஒரு நாள் போதும். ஒருவர் முதுமையில் தளர்ந்திருக்கையில் அவர் பெயரைச் சொல்லி அழைக்கும் அயலவராய் இருப்பதற்குப் பல ஆண்டுகள் வேண்டும்.