துறவிலும் துறவாத தொண்டு

திருநெல்வேலிச் சீமையிலுள்ள பத்தமடையில், அப்பைய தீட்சிதர் மரபில், 1887 செப்டம்பர் 8ஆம் நாள் குப்புசாமி என்னும் பெயருடன் அவதரித்தவர் சுவாமி சிவானந்தர். மருத்துவம் பயின்ற அவர், 1913இல் மலாயாவுக்குக் கப்பலேறினார். நெகிரி செம்பிலானில் தோட்ட மருத்துவமனையிலும், பின்னர் ஜொகூரிலும் பணியாற்றினார். ஏழை நோயாளிகளுக்கு மருந்தோடு தம் கைப்பொருளையும் ஈந்தார்.

ஒருமுறை அவரிடம் சிகிச்சை பெற்ற சாது ஒருவர், வேதாந்த நூலொன்றை அவருக்கு அளித்தார். உடற்பிணி தீர்ப்பவரின் உள்ளத்தில் பிறவிப்பிணி பற்றிய சிந்தனை வேரூன்றியது. 1923இல் பதவியையும் வருவாயையும் உதறிவிட்டு இந்தியா திரும்பினார். 1924 ஜூன் 1ஆம் நாள் ரிஷிகேசத்தில் சுவாமி விசுவானந்தரிடம் சந்நியாச தீட்சை பெற்றார்.

பெயரையும் உறவையும் பொருளையும் துறந்த அவர், மருத்துவத் தொண்டை மட்டும் துறக்கவில்லை. நோயுற்ற சாதுக்களின் குடில்களைத் தேடிச் சென்று பணிவிடை செய்தார். லட்சுமண் ஜூலாவில் இலவச மருந்தகம் நடத்தினார். 1936இல் தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தைத் தோற்றுவித்து, 1963 ஜூலை 14ஆம் நாள் மகாசமாதி அடைந்தார்.

எல்லாவற்றையும் களைந்த பின்னும் எஞ்சி நின்ற தொண்டுள்ளமே அவருடைய மெய்யியல்பு. தம்மிடம் எஞ்சி நிற்பது யாதெனத் தேடித் தெளிவதே, திருவிழா நாளில் சந்நிதியில் நிற்கும் அடியார்க்கு உற்ற வழிபாடாகும்.